35 அங்குல டயர் போட்டாச்சு, கிரவுன் பினியன் எந்த ரேஷியோவில் போடுவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு கம்பெனி டயர் 31 அங்குலம், ஆக்சில் ரேஷியோ 3.73. பெட்ரோல் என்ஜின், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டாப் கியர் ரேஷியோ 0.75. வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி 35 அங்குல மட் டயர் போட்டேன். அன்றிலிருந்து புல்லிங் இல்லை. ஹைவேயில் லேசான ஏற்றம் வந்தாலே ஆறிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து நான்கு என்று கியர் இறங்குகிறது, உடனே ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஒருவர் 4.56 போடச் சொல்கிறார், இன்னொருவர் 5.13-க்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம் என்கிறார். எதைக் கேட்பது?"

நீங்கள் சொன்ன விவரத்தை வைத்துப் பார்த்தால் 4.56. இரும்பு பம்பர், வின்ச், கூரையில் சாமான் என்று நிறைய எடை ஏற்றியிருந்தாலோ, பெரும்பாலும் மலைப்பாதையில் ஓட்டுபவராக இருந்தாலோ 4.88. உங்கள் வண்டிக்கு 5.13 தேவையில்லை.

இப்போது கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் நாளை வேறு டயர் மாற்றினாலும் இதே கணக்குதான். கிரவுன் பினியன் என்பது ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பெரிய பல்சக்கரமும் (கிரவுன்), அதைச் சுற்றவைக்கும் சின்னப் பல்சக்கரமும் (பினியன்). 3.73 என்றால் சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.73 சுற்று சுற்ற வேண்டும், அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல். டயர் பெரிதானதும் ஒரு சுற்றுக்கு வண்டி போகும் தூரம் கூடுகிறது, என்ஜினுக்கு அது கியரைத் தூக்கிவிட்டதற்குச் சமம். 3.73-ஐ 31-ஆல் பெருக்கி 35-ஆல் வகுத்தால் 3.30 வருகிறது. அதாவது நீங்கள் இப்போது ஓட்டுவது, பழைய டயரில் 3.30 ஆக்சில் மாட்டின வண்டி. இழுவையில் 11 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, கியர்பாக்ஸ் தவிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

பழைய நிலைக்குத் திரும்ப கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள்: 3.73 × 35 ÷ 31 = 4.21. அந்த எண்ணில் கியர் கிடைக்காது. பெரும்பாலும் கிடைப்பது கீழே 4.10, மேலே 4.56. நிறையப் பேர் "4.10 கிட்டத்தட்ட சரியாகத்தானே இருக்கிறது" என்று அதைப் போட்டுவிட்டு, செலவெல்லாம் ஆன பிறகும் வண்டி மந்தமாகவே இருக்கிறதே என்று வருத்தப்படுகிறார்கள். 4.21 என்பது விட்டத்தை மட்டும் ஈடுகட்டும் எண். 35 அங்குல மட் டயர் ஒவ்வொன்றும் பழைய டயரைவிடப் பல கிலோ கூடுதல், அந்த எடையும் சக்கரத்தின் வெளி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கிளம்பும்போதும் வேகம் எடுக்கும்போதும் என்ஜினுக்கு அது இருமடங்காகத் தெரியும். உயரம் கூட்டியதால் காற்றின் தடை கூடுகிறது, மட் டயரின் பெரிய கட்டைகளால் சாலையில் உருளும் தடையும் கூடுகிறது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் கணக்கில் வந்த எண்ணுக்கு ஒரு படி மேலே போகச் சொல்கிறோம்.

சரி, அப்படியானால் இரண்டு படி, மூன்று படி ஏன் போகக் கூடாது? இங்கேதான் டாப் கியர் ஆர்.பி.எம் பார்க்க வேண்டும், என்னைக் கேட்டால் முடிவை எடுக்க வேண்டிய இடமே இதுதான். அதற்கு முன் டயரை ஒருமுறை அளந்துவிடுங்கள். பக்கவாட்டில் 35 என்று அச்சடித்திருந்தாலும் வண்டியின் எடை இறங்கியதும் அது 35 ஆக உருளாது. வழக்கமான காற்று வைத்து, வழக்கமான சாமானோடு, சமதளத்தில் நிறுத்துங்கள். டயரின் அடியில் தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு நேர் தரையில் ஒரு கோடு. வண்டியை நேராகத் தள்ளி, டயரின் கோடு இரண்டு முறை சுற்றி மறுபடி தரையைத் தொட்டதும் அங்கே இன்னொரு கோடு போட்டு, டேப் வைத்து அளந்து இரண்டால் வகுங்கள். கணக்குப்படி 2.79 மீட்டர் வர வேண்டிய 35 அங்குல டயர் பெரும்பாலும் 2.70 பக்கம்தான் நிற்கும், கம்பெனிக்குக் கம்பெனி இதுவும் மாறும்.

2.70 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1667 மீட்டர், அதை 2.70-ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 617 சுற்று. அதை ஆக்சில் ரேஷியோவாலும் டாப் கியராலும் பெருக்கினால் என்ஜின் ஆர்.பி.எம் வந்துவிடும். இப்போதைய 3.73-இல் உங்களுக்கு 1730 பக்கம். பழைய டயரில் இது 1950-ஆக இருந்தது. 4.10 போட்டால் 1900, 4.56 போட்டால் 2110, 4.88-க்கு 2260, 5.13-க்கு 2375. பெட்ரோல் என்ஜின் 1730-இல் பெரிய டயரோடு ஏற்றம் ஏறாது, அதனால்தான் கியர் இறங்குகிறது. 2100-இல் இழுக்கும். 2375-இலும் இழுக்கும்தான், ஆனால் 120-இல் போகும்போது அது 2850 ஆகிவிடும், நாள் முழுக்க ஹைவேயில் ஓட்டினால் சத்தமும் எரிபொருளும் கூடும்.

வேறொருவருக்கு 5.13 சரியாகவே இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு கியர் ஆட்டோமேட்டிக் சிலவற்றில் டாப் கியர் 0.67 ஆக இருக்கும், அப்போது 4.56-லும் 100-இல் 1890-தான் வரும், அந்த வண்டிக்கு நான் 4.88 சொல்வேன். 37 அங்குலத்துக்குப் போகிறவர்கள் 5.13 பார்க்கலாம். டீசல் கீழேயே இழுவை தரும், 35 அங்குல டயருக்கு டீசலில் 4.10-கூடப் போதுமானதாக இருக்கும். ஆக, உங்களுக்கு 5.13 சொன்னவரின் வண்டியில் என்ன என்ஜின், டாப் கியர் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

"லோ ரேஞ்ச்தான் இருக்கிறதே, பாறையில் அதைப் போட்டுக்கொள்ளலாமே" என்று சிலர் சொல்வார்கள். லோ ரேஞ்ச் என்பது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனி கியர், வழக்கமான ஓட்டத்துக்கு ஹை ரேஞ்ச். பாறைக்குச் சரி. மணலிலும் சேற்றிலும் பெரும்பாலும் வேகம் வேண்டியிருப்பதால் ஹை ரேஞ்சில்தான் ஓடுவோம், ஹைவேக்கு லோ ரேஞ்ச் எந்த வகையிலும் உதவாது. பாறையில்கூட வித்தியாசம் தெரியும். முதல் கியர் ரேஷியோ 4, லோ ரேஞ்ச் ரேஷியோ 2.72 என்று வைத்தால் மொத்தப் பெருக்கம் 3.73-இல் 40.6, 4.56-இல் 49.6. என்ஜின் 700 ஆர்.பி.எம்-இல் ஐடிலில் இருக்கும்போது முதலாவதில் வண்டி மணிக்கு 2.8 கிலோமீட்டர் போகும், இரண்டாவதில் 2.3. கேட்கச் சின்னதாக இருக்கும், ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு டயரை இறக்கும்போது அந்த அரை கிலோமீட்டர் பெரிய நிம்மதி. இறக்கத்தில் என்ஜின் பிரேக்கும் அதே அளவு கூடும்.

எண் பெரிதாகும்போது பினியனில் பல் குறையும், பினியனும் சிறுக்கும். 4.56 என்றால் 41-க்கு 9, 4.88 என்றால் 39-க்கு 8, 5.13 என்றால் 41-க்கு 8. பெரிய டயர் ஆக்சிலில் கூடுதல் முறுக்கு போடும் நேரத்தில் பினியனைச் சின்னதாக்குகிறோம். முன் ஆக்சில் சிறியதாக இருக்கும் வண்டிகளில் இது நிஜமான கவலை. 4.56-க்கு மேல் போகத் தயங்குவதற்கு ஆர்.பி.எம்-க்கு அடுத்த காரணம் இதுதான்.

முன், பின் இரண்டு ஆக்சிலையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பின்பக்கம் மட்டும் இப்போது, முன்பக்கம் அப்புறம் என்று நினைத்தால் நடுவில் ஃபோர் வீலில் போடவே கூடாது, போட்டால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸை உடைத்துவிடும். 4.10-க்கு 4.09 போன்ற நூலிழை வித்தியாசம் பரவாயில்லை. ஸ்டெப்னியும் 35 அங்குலமாகவே இருக்கட்டும்.

கியர் வாங்கும் முன் டிஃபரன்ஷியல் கேரியர், அதாவது கிரவுன் மாட்டியிருக்கும் கூடு, பொருந்துமா என்று கேளுங்கள். பழைய டானா 44 என்ற ஆக்சில் மாடலில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர், 3.92-லிருந்து மேலே வேறு கேரியர். அதைத் தாண்டும்போது கேரியரையும் மாற்ற வேண்டும், அல்லது தடிமனான கிரவுன் வாங்க வேண்டும். இடது, வலது சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுழலப் பூட்டும் லாக்கர் போடும் எண்ணம் இருந்தால் இதே சமயத்தில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலியை இரண்டாவது முறை கொடுப்பீர்கள்.

பொருத்துபவரைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். பினியன் ஆழம், பேரிங் இறுக்கம், பேக்லாஷ் (பற்களுக்கு இடையே இருக்கும் தளர்வு) மூன்றையும் அளந்து ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். பேக்லாஷ் பெரும்பாலான ஆக்சிலில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர், உங்கள் ஆக்சிலுக்கான அளவைத் தயாரிப்பாளர் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டர் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து "சரியாக இருக்கு" என்பவரிடம் கொடுக்காதீர்கள். பல்லில் மஞ்சள் பெயிண்ட் தடவிச் சுற்றிப் பார்த்த தடத்தை ஃபோட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். தடம் பல்லின் நுனிக்கும் அடிக்கும் நடுவில் விழுந்திருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் 25, 30 கிலோமீட்டர் மிதமாக, அப்புறம் ஆக்சில் முழுக்க ஆறும் வரை நிறுத்துங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்கு டிரெய்லர் இழுப்பது, மிதித்து ஓட்டுவது எதுவும் வேண்டாம், அது முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள். ஊளையிடுவதுபோல் சத்தம் வந்தால் எந்த வேகத்தில் வருகிறது, ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதா விடும்போதா என்று குறித்துக்கொண்டு உடனே காட்டுங்கள், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று விடக் கூடாது.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். இப்போது உங்கள் மீட்டர் 100 காட்டினால் நிஜ வேகம் 113 பக்கம், அதனால் மீட்டரைச் சரிசெய்யும்வரை கவனமாக ஓட்டுங்கள். கியர் மாற்றிய பிறகு டயர் அளவு, ரேஷியோ இரண்டையும் வண்டியின் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பழைய எண்ணே இருந்தால் ஆட்டோமேட்டிக் தப்பான வேகத்தில் கியர் மாற்றும், புது கியர் போட்டும் பலன் இல்லை என்று தோன்றும். டயர் சுற்றளவு கேட்கும் வண்டியில் சாக்பீஸ் வைத்து அளந்த அளவையே கொடுங்கள், பதிந்ததும் ஜிபிஎஸ்ஸோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.