விலைக்கேற்ற வெட்டு கிடைக்குமா?

விலை உயர்ந்த மடக்குக் கத்திகள் பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் எங்கள் பதில்களும்.

கேள்வி: டைட்டானியம் பிடியும் எஸ்35விஎன் எஃகும் உள்ள மடக்குக் கத்தியை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். தக்காளி நறுக்கினால் வீட்டிலிருக்கும் 150 ரூபாய்க் கத்தி இதைவிட நன்றாக இறங்குகிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: ஏமாறவில்லை. கத்தி எவ்வளவு சுலபமாக இறங்கும் என்பதைப் பெரும்பாலும் கூருக்குச் சற்று மேலே உள்ள கனம்தான் முடிவு செய்கிறது. காய்கறிக் கத்தியின் தகடு 1 முதல் 1.5 மி.மீ.; கூரருகே 0.2, 0.3 மி.மீ.தான் இருக்கும். உங்கள் கத்தியின் முதுகு 3 மி.மீ.க்குக் குறையாது, கூரருகே 0.5 மி.மீ.யாவது இருக்கும். வெர்னியர் காலிப்பர் கிடைத்தால், கூர்ச்சரிவு தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே வைத்து அளந்து பாருங்கள். இந்தக் கனத்தால்தான் தக்காளி நசுங்குகிறது, கேரட் வெட்டுப்படாமல் பிளக்கிறது. கயிறு, அட்டை, மரக்குச்சி என்று முரட்டு வேலையில் கூர் பெயராமல் இருப்பதும் இதே கனத்தால்தான்.

உங்கள் பணத்தில் ஒரு பங்கு எஃகுக்குப் போனது. அதற்கு முன்னோடி எஸ்30வி, அமெரிக்காவின் குரூசிபிள் ஆலை 2001-இல் கத்திக்கென்றே கொண்டுவந்த பொடி உலோக எஃகு (உருகிய உலோகத்தைப் பொடியாக்கி அழுத்திச் செய்வது). அதில் 4 சதவீதம் வனேடியம். 2009-இல் வந்த உங்கள் எஸ்35விஎன்-இல் வனேடியத்தை 3 சதவீதமாகக் குறைத்து, 0.5 சதவீதம் நயோபியம் சேர்த்தார்கள். கூர் சில்லு சில்லாகப் பெயர்வது குறைந்தது. வனேடியம் கார்பனோடு சேர்ந்து மிகக் கடினமான துகள்களாக எஃகுக்குள் நிற்பதால், அட்டைப்பெட்டியாக வெட்டித் தள்ளினாலும் கூர் மெதுவாகவே தேயும். விக்டோரினாக்ஸ் பேனாக் கத்தியின் கடினம், எஃகுக்கு வழக்கமான ராக்வெல் அளவில் சுமார் 56, உங்கள் கத்தியைவிடக் குறைவு. அது சீக்கிரம் மழுங்கும், ஆனால் கல்லில் நாலு இழுப்பில் கூர் திரும்ப வந்தும் விடும்.

மீதிப் பணம் நேர்த்திக்கு. டைட்டானியத்தை மெதுவாகத்தான் கடைய முடியும். கடையும் கருவியும் சீக்கிரம் தேயும். கிறிஸ் ரீவ் நிறுவனத்தின் செபென்சா போன்ற கத்திகளை ஆர்வலர்கள் கொண்டாடுவது, அலகு இம்மிகூட ஆடாமல் பூட்டில் போய் உட்காரும் அந்தப் பொருத்தத்துக்காக. அதை ரசிப்பவருக்கு விலை நியாயமே. வெட்டு மட்டும் போதும் என்பவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் பணம் வெட்டில் பெரிதாகத் தெரியாது என்பதே எங்கள் கருத்து.

கூர்க்கோணம் பக்கத்துக்கு 20 பாகையாக இருந்தால் 15-க்கு இறக்குங்கள். தக்காளித் தோல் உடனே வழிவிடும். ஆனால் அதன்பின் எலும்பிலோ கம்பியிலோ கை வைக்காதீர்கள்.

கேள்வி: படகில் வலைக்கயிறு அறுக்க வைத்திருக்கும் விலை உயர்ந்த கத்தி, திறக்கும்போது கரகரக்கிறது. சுழலும் இடத்திலிருந்து காவித் தண்ணீர் கசிகிறது. அலகில் துருவே இல்லை. ஏன்?
– வாசகர், காசிமேடு

பதில்: துரு பேரிங்கில் இருக்கிறது. விரலால் தட்டினாலே திறக்க வேண்டும் என்பதற்காக இப்போதைய கத்திகள் பலவற்றில் வாஷருக்குப் பதில் கடுகளவு எஃகுக் குண்டுகளை வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் மணலும் அந்தத் தடத்தில் தங்கிவிட்டால் வெளியே வர வழியில்லை.

கத்தியைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆனால் கழற்றினால் சில நிறுவனங்களின் உத்தரவாதம் போய்விடும். முதலில் அதைப் பாருங்கள். நட்சத்திர வடிவத் தலைக்கான டார்க்ஸ் டி8 அல்லது டி10 பிட் சரியாக உட்கார வேண்டும். தளர்வான பிட்டைத் திருகினால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிடும். ஸ்க்ரூ அசையாவிட்டால் சாலடரிங் இரும்பின் நுனியை அரை நிமிடம் அதன்மேல் வையுங்கள், உள்ளே இருக்கும் பசை இளகும். பாகங்களை நல்ல தண்ணீரிலும் பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் கழுவி, முழுக்கக் காயவிட்டு, பக்கத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் போகும். மாட்டும்போது மரையில் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) துளி வைத்து, சிறிது சிறிதாக இறுக்குங்கள். அலகு பக்கவாட்டில் ஆடுவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

அடுத்து வாங்கினால் பாஸ்பர் வெண்கல வாஷர் உள்ளதாகவும், எஃகு எல்சி200என் அல்லது எச்1 ஆகவும் பாருங்கள். எல்சி200என்-இல் கார்பனின் வேலையைப் பெரும்பாலும் நைட்ரஜன் செய்கிறது, எச்1-இல் கார்பனே மிகக் குறைவு; அதனால் இரண்டும் கடல் உப்பைத் தாங்கும். டி2 என்ற எஃகில் 12 சதவீதம் குரோமியம் என்று கடைக்காரர் சொல்வார்; அதில் கணிசமான பங்கு கார்பனோடு சிக்கிக்கொள்வதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது குறைவு. நைலான் கயிற்றுக்குப் பல்வெட்டுக் கூர்தான் சரி. படகு வேலைக்கு மட்டும் என்றால் மடங்காத கத்தியே மேல். அதில் சுழலும் பாகமே கிடையாது.

கேள்வி: தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் விலை உயர்ந்த மடக்குக் கத்தியைக் கொடுக்கலாமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: வேண்டாம். அரிவாள்மனைக்கும் கறிக்கத்திக்கும் அவர் கை பழகியது. தண்ணீரில்லாமல் சுற்றும் கல்லில் மெல்லிய நுனி நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் கடினம் போயிற்று. 400, 1000 (சொரசொரப்பு எண்; எண் கூடினால் நயம்) என இரண்டு வைரத் தகடுகள் வாங்கிக்கொள்ளுங்கள். வனேடியம் துகள்கள் சாதாரண அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினமானவை, அதனால் அந்தக் கல் வழுக்கிக்கொண்டே போகும். அழுத்தாமல் தேயுங்கள். எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை ஒரே பக்கம், பிறகு மறுபக்கம். கடைசியில் தோல் பட்டையில் பத்து இழுப்பு.

கேள்வி: பழைய கத்தி ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: திறந்து பூட்டியபின் அலகின் முதுகைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். மேல் கீழாக ஆடினால் பூட்டு தேய்ந்திருக்கிறது. அதை ஸ்க்ரூ முறுக்கிச் சரிசெய்ய முடியாது, வாங்காதீர்கள். பக்கவாட்டு ஆட்டம் முறுக்கினால் தீரும். அலகைத் திறந்தபடி பிடித்து நிறுத்தும் பூட்டுத் தகடு அலகின் அடிப்பாகத்தில் பாதியைத் தாண்டி நகர்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். மடக்கும்போது பூட்டு ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றால் அது டைட்டானியம் எஃகோடு உரசுவதால். தொடும் முகத்தில் பென்சிலால் கிறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். செபென்சா என்று சொன்னால் போலிகள் ஏராளம். செபென்சா 31 என்ற ரகத்தில் பூட்டு அலகைத் தொடும் இடத்தில் ஒரு பீங்கான் குண்டு இருக்க வேண்டும், டார்ச் அடித்துப் பாருங்கள்.