அப்பாவின் தூண்டில் பெட்டி

கேள்வி: அண்ணே, அப்பா தவறி ஒரு வருசம் ஆகுது. அவரோட தூண்டில் கம்பு, நரம்பு சுற்றுற பழைய பென் (Penn) ரீல், முள்ளும் ஈயக்குண்டும் கிடக்கிற பிஸ்கட் டின் எல்லாம் ஸ்டோர் ரூமில் துருப்பிடிக்குது. தம்பி விற்கச் சொல்றான். எனக்கு மனசு வரல. என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உப்பேறிய ரீலை விற்கப் போனால் அடிமாட்டு விலைதான் கேட்பார்கள், தங்கச்சி. பென் கம்பெனி 1932-இல் பிலடெல்பியாவில் தொடங்கியது. அதன் பழைய ரீல் பலவற்றில் பக்கத்தகடு பேக்கலைட் என்ற பழைய வகை பிளாஸ்டிக். கொதிநீர் வேண்டாம். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், பழைய டூத்பிரஷ், நிழலில் காயவிட்டு ஒரு சொட்டு ரீல் எண்ணெய், போதும். ரீலில் சுற்றியிருக்கும் நைலான் நரம்பு வெயிலில் இற்றிருக்கும், வெட்டி எறியுங்கள். அதிலும் பாசம் பார்த்தால் வீடு கொள்ளாது! ஆனால் நரம்பு சுற்றும் உருளையான ஸ்பூலின் அடியில் அப்பா போட்ட முடிச்சு இருக்குமே, அதை மட்டும் விட்டுவையுங்கள்.

என் மாமா 1985-இல் பினாங்குப் பாலம் திறப்பதற்கு முன்பே கம்பும் கையுமாக பெர்ரி ஏறியவர். அவருடைய குறடின் கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். செம்பிலாங் என்ற கெளுத்தி வகை மீனின் முள்ளில் விஷம் என்பதால் அதைக் கையால் தொடமாட்டார், குறடுதான். மாமி இன்றும் அந்தக் குறடால்தான் கேஸ் குழாயை முடுக்குகிறார், திட்டிக்கொண்டே.

ஈயக்குண்டு பிள்ளைகள் கைக்குப் போகவே கூடாது, ஈயம் விஷம். தம்பிக்குக் காசுதான் முக்கியம் என்றால் கம்பைக் கொடுங்கள். ரீலை விடாதீர்கள்.