தோட்டச் சந்திப்பில் இலவச மண் பரிசோதனை: ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே உள்ள எங்கள் மாந்தோப்பில், கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வீட்டுத்தோட்டக் குழுக்கள் கூடும் ஒருநாள் சந்திப்பை ஆகஸ்டில் நடத்தவிருக்கிறோம். நிலத்தைப் பேணுவதே பேசுபொருள். வருகிறவர்கள் கொண்டுவரும் மண்ணை அங்கேயே இலவசமாகப் பரிசோதித்துத் தருவதாகவும், மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்பதாகவும் உரம் முதலிய இடுபொருள்களை விற்கும் முகவர் ஒருவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். இத்தகைய முகவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் இரண்டு, மூன்று கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கையடக்கக் கருவிதான். மண்ணின் ஈரத்துக்கு ஏற்ப அதன் முள் நகரும் என்பதால், ஒரே மண் காய்ந்திருக்கும்போது ஓர் அளவையும் நனைந்திருக்கும்போது வேறோர் அளவையும் காட்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை மண்ணை உலர்த்திச் சலித்து, கரைசல்களால் பிரித்தெடுத்து ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும். ஒவ்வொருவர் மண்ணிலும் வெவ்வேறு குறையைச் சொல்லிவிட்டு, கடைசியில் எல்லோரிடமும் ஒரே டப்பாவை விற்பதைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அந்த விற்பனையிலிருந்துதான் உங்கள் சாப்பாட்டுச் செலவும் வரும். வந்தவர்களின் கைப்பேசி எண்களைக் குறித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் அழைத்து நச்சரிப்பதும் உண்டு.

அங்கேயே எதையாவது செய்து காட்ட வேண்டுமென்றால், இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் வையுங்கள். சருகு மூடிக் கிடக்கும் மரத்தடியிலிருந்து நன்றாகக் காய்ந்த மண்கட்டி ஒன்றையும், அடிக்கடி உழுது வெயிலில் கிடக்கும் இடத்திலிருந்து அதே அளவில் ஒன்றையும் எடுத்து, ஒரே நேரத்தில் மெல்ல விடுங்கள். உழுத மண்ணின் கட்டி பொதுவாகச் சில நிமிடங்களுக்குள் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கிவிடும்; சருகடி மண்ணின் கட்டி நெடுநேரம் வடிவம் குலையாமல் நிற்கும். நம் பகுதிச் செம்மண் சரிவுகளில் ஐப்பசி மழை எந்த மண்ணை வாரிக்கொண்டு போகும் என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

சத்துகளை அறிய மண் மாதிரியை அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். மாதிரி எடுக்கும் முறையை உங்கள் தோப்பிலேயே கற்றுக்கொடுக்கலாம். காய்கறி நிலமாக இருந்தால், வரப்போரம், எருக்குழி, நிழல் ஆகியவற்றை விலக்கி, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அதன் ஓரத்திலிருந்து சீவியெடுத்த மண்ணை ஒன்றாகக் கலந்து, கால்பங்கு முறையில் (நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரு பங்குகளை நீக்கி, மீண்டும் கலந்து) குறைத்து, அரைக் கிலோவை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இட வேண்டும். உரச்சாக்கை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

மாமரத்துக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது. பெங்களூராவோ செந்தூராவோ, அதன் வேர் 15 செ.மீ. ஆழத்தோடு நிற்பதில்லை என்பதால், குழி தோண்டி 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியாக மண் எடுக்க வேண்டும். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால், அடியில் சுண்ணாம்பு மிகுந்திருப்பது கண்ணில் படாமலே போய்விடும். ஒவ்வொரு பையிலும் ஆழத்தை எழுதுங்கள். எழுதாத பை ஆய்வகத்தில் வெறும் மண்தான். அண்மையில் உரமிட்ட மரத்தடியில் எடுக்காதீர்கள். அறுவடை முடிந்தும், செப்டம்பர், அக்டோபரில் உரமிடுவதற்கு முன்னுமாக அமைவதால், நீங்கள் குறித்திருக்கும் ஆகஸ்ட் மாதம் இதற்கு மிகவும் ஏற்றது.

முடிவு உரமிடும் காலத்துக்குள் வந்து சேருமா என்றால், உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரிசோதனை முடிவுகளையும் உரப் பரிந்துரையையும் விவசாயிக்கு அச்சிட்டுத் தரும் மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியது. இன்றும் எண்களை அச்சிட்டுக் கையில் கொடுப்பதோடு கடமை முடிந்துவிட்டதாகவே பல இடங்களில் நினைக்கிறார்கள். அட்டையைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததால்தான் முகவர்கள் அந்த இடத்தில் நுழைகிறார்கள்; இது விவசாயியின் தவறு அன்று. ஆகவே பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்துக்கோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ இப்போதே எழுத்துமூலம் விண்ணப்பித்து, அட்டையை விளக்க ஒருவரை அனுப்பும்படி கேளுங்கள். ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவரட்டும். சாப்பாட்டுச் செலவைக் குழுக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம்.