கை நுழையாத இடத்தில் ரப்பர் கப்ளிங்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: குளியலறைக் கழிவுநீர் பைப் சுவரை ஒட்டிப் போகிறது. நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. இரண்டு முனையும் சுவருக்குள் இருப்பதால் இழுக்கவும் முடியாது, விலக்கவும் முடியாது. இரண்டு பைப் முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் உறையான ரப்பர் கப்ளிங்கை எப்படி மாட்டுவது?

பதில்: பைப் அசையத் தேவையில்லை, கப்ளிங் நகர்ந்தால் போதும். இரண்டு கப்ளிங் வாங்குங்கள். வாங்கும்போதே உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நடுவில் வளையம் போல மேடு இருந்தால் கப்ளிங் பாதியிலேயே முட்டிக்கொள்ளும். மேடு இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கத்தியால் அந்த மேட்டை மட்டும் சீவிவிடலாம். சுற்றியுள்ள ரப்பரில் கீறல் விழக் கூடாது, கீறல் வழியாகத்தான் பிறகு கசியும்.

பைப்பை விரிசலோடு சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே வெட்டி எடுங்கள். அந்த இடைவெளியில் புதுப் பைப் துண்டு ஒன்றை வைத்து, இருபக்கமும் ஒவ்வொரு கப்ளிங்கால் இணைக்கப் போகிறோம். கப்ளிங்கின் நீளம் 10 செ.மீ. என்றால், சுவரில் நிற்கும் முனைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 5 செ.மீ. நேராக வெளியே நீண்டிருக்க வேண்டும். புதுத் துண்டு 20 செ.மீ.க்கு மேல் இருக்குமானால் இரண்டு கப்ளிங்கையும் கிளாம்ப்களோடு (ஸ்க்ரூவால் இறுக்கும் உலோகப் பட்டைகளோடு) அந்தத் துண்டின் மேலேயே முழுக்க ஏற்றிவிடலாம். துண்டை இடைவெளியில் வைத்து, இருபக்கமும் வெளிநோக்கிப் பாதியளவு நகர்த்தினால் வேலை முடிந்தது. துண்டு அதைவிடக் குட்டையாக இருந்தால் கப்ளிங்கைச் சுவர் முனையில் முழுதாக ஏற்ற வேண்டிவரும். அப்போது அங்கே 10 செ.மீ.க்கு மேல் நேர் பைப் வேண்டும்.

புதுத் துண்டை இடைவெளியைவிட 5 மி.மீ. குறைவாக வெட்டுங்கள். முனைகள் சாய்வில்லாமல் நேராக இருக்கட்டும். அரத்தால் பிசிறை எடுத்துவிடுங்கள். சுவர் முனைகளில் விளிம்பிலிருந்து 5 செ.மீ. தள்ளி மார்க்கரால் கோடு போடுங்கள். குறுகலான இடத்தில் கப்ளிங் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது, அந்தக் கோடுதான் சொல்லும். வழுக்க வைக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெயும் கிரீஸும் வேண்டவே வேண்டாம், ரப்பர் ஊறி உப்பிக் கெட்டுவிடும். ரப்பர் விறைப்பாக இருந்தால் சில நிமிடங்கள் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு எடுங்கள்.

கேள்வி: கப்ளிங் ஏறிவிட்டது. ஆனால் கிளாம்பின் ஸ்க்ரூ சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டது. எப்படி இறுக்குவது?

பதில்: கிளாம்பை முழுதாகக் கழற்றுங்கள். பட்டை திறந்துகொள்ளும். பைப்பைச் சுற்றிப் பக்கவாட்டிலிருந்து மறுபடி கோத்து, ஸ்க்ரூ தலை உங்கள் பக்கம் வரும்படி மாட்டுங்கள். அடுத்த முறை கப்ளிங்கை ஏற்றுவதற்கு முன்பே, கருவி எந்தப் பக்கமிருந்து நுழையும் என்று பார்த்து எல்லாத் தலையையும் அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். தட்டை முனை ஸ்க்ரூ டிரைவர் இந்த இடத்தில் வழுக்கும். பெரும்பாலான கிளாம்ப்களில் தலை 8 மி.மீ. அறுகோணமாக இருக்கும். அதற்கான சாக்கெட்டைச் சிறிய ராட்செட்டிலோ வளையும் தண்டுள்ள டிரைவரிலோ மாட்டினால் பிடிப்பு கிடைக்கும். இரண்டு கிளாம்பையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பொதுவாக 7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (திருப்பும் விசையின் அளவு) போதும். பட்டையின் துளைகள் வழியாக ரப்பர் பிதுங்கினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் போனால் மரை வழன்றுவிடும்.

கேள்வி: வெட்டுவதற்கே ஹாக்ஸா சட்டம் நுழையவில்லை.

பதில்: பிளேடை மட்டும் கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து அறுங்கள். அதற்கும் இடமில்லாத பிவிசி பைப் என்றால் பின்னிய நைலான் கயிறு போதும். பைப்பின் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, இரண்டு முனையையும் நன்றாக விரித்துப் பிடித்து மாறி மாறி இழுங்கள். உராயும் சூட்டில் பிவிசி உருகி வெட்டுப்படும். கைகளை நெருக்கிப் பிடித்தால் கயிறு தன் மேலேயே உரசி அறுந்துவிடும். உருகிய விளிம்பு தடித்திருக்கும், எமரி பேப்பரால் தேய்த்துவிட்டுத்தான் கப்ளிங்கை ஏற்ற வேண்டும்.

கேள்வி: பழைய இரும்புப் பைப்போடு பிவிசி பைப்பை இணைக்க எந்த அளவு கப்ளிங்?

பதில்: பேச்சு வழக்கில் இரண்டையும் 4 அங்குலம் என்பார்கள், வெளிவிட்டம் ஒன்றாக இருக்காது. நூலைச் சுற்றி அளந்து 3.14ஆல் வகுங்கள். 345 மி.மீ. வந்தால் வெளிவிட்டம் 110 மி.மீ. இரண்டு பைப்பின் அளவையும் எழுதிக்கொண்டு போய், இருமுனையும் பொருந்துகிற கப்ளிங்காக வாங்குங்கள். வித்தியாசத்தை இறுக்கிச் சரிக்கட்ட நினைத்தால் ரப்பர் மடிப்பு விழுந்து கசியும்.

கேள்வி: தொட்டியிலிருந்து குழாய்க்கு வரும் தண்ணீர் பைப்பில் போடலாமா?

பதில்: கூடாது. இது அழுத்தமில்லாத கழிவுநீர் பைப்புக்கானது.

கேள்வி: மாட்டி முடித்த பிறகு இணைப்பு தொய்கிறதே?

பதில்: ரப்பர் எடையைத் தாங்காது. இணைப்புக்கு இருபக்கமும் பைப்பைப் பட்டை போட்டுச் சுவரோடு பிடிக்க வேண்டும். மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு இருக்கிறதா என்றும் பாருங்கள், தொய்ந்த பள்ளத்தில்தான் கசடு தங்கி அடைக்கும். இணைப்பைச் சுற்றி டிஷ்யூ பேப்பர் கட்டிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். கை எட்டாத பின்பக்கக் கசிவையும் ஈரமான பேப்பர் காட்டிக்கொடுக்கும். ரப்பர் ஒரு நாளில் அமுங்கிக்கொடுக்கும் என்பதால், மறுநாள் கிளாம்ப்களை இன்னொரு முறை இறுக்கிய பிறகே மறைப்புப் பலகையை மூடுங்கள்.