மூன்று முறை ஒரே நிலை வந்தும் டிரா கிடைக்காதது ஏன்?

செஸ் ஆட்டத்தில், பலகையில் காய்கள் நிற்கும் ஒரே நிலை மூன்றாம் முறை வந்தும் நடுவர் டிரா (சமன்) தரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். யானையை நகர்த்தி, கடிகாரத்தையும் அழுத்திவிட்டு அப்புறம்தான் அவரைக் கூப்பிட்டேன் என்கிறீர்களே, அங்கேதான் கோட்டை விட்டீர்கள்.

உங்கள் நகர்த்தலால் அந்த நிலை வரப்போகிறது என்றால், காயில் கை வைக்கக் கூடாது. யானை எங்கே போகப்போகிறது என்பதை ஸ்கோர் ஷீட்டில் (நகர்த்தல்களைக் குறிக்கும் தாளில்) எழுதி, கடிகாரத்தை நிறுத்திவிட்டு, ‘இதை ஆடப்போகிறேன், டிரா வேண்டும்’ என்று நடுவரிடம் சொல்ல வேண்டும். ஆடுவதற்காகக் காயைத் தொட்டாலே அந்த முறைக்கான உரிமை போச்சு. எதிராளியின் நகர்த்தலால் வந்திருந்தால் எழுத வேண்டியதில்லை, ஆடாமல் கேட்டால் போதும். சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று மட்டும் இறங்காதீர்கள். கோரிக்கை தவறானால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும்.

தொடர்ச்சியாக வர வேண்டும் என்று உங்கள் நண்பர் சொன்னது சரியல்ல. 20, 26, 41-ஆவது நகர்த்தல்களில் வந்தாலும் கணக்குதான். ஆனால் ஆட வேண்டியவர் மூன்று தடவையும் ஒருவராகவே இருக்க வேண்டும். காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது) உரிமையும் மாறியிருக்கக் கூடாது. முதல் தடவை அந்த உரிமை இருந்து, பிறகு ராஜா ஒரு கட்டம் போய்த் திரும்பியிருந்தால், பலகை அச்சு அசலாக அப்படியே தெரிந்தாலும் அந்த முதல் தடவை கணக்கில் வராது. பலரும் ஏமாறுவது இதில்தான்.

சிப்பாய் நகராமல், எதுவும் வெட்டுப்படாமல் இருவரும் தலா 50 நகர்த்தல் ஆடியிருந்தால் டிரா கேட்கலாம் என்ற 50 நகர்த்தல் விதிக்கும் இதே நடைமுறைதான். யாரும் கேட்காமலே ஆட்டம் முடிவது, அதே நிலை 5 முறை வந்தால், அல்லது சிப்பாய் நகராமல், எதுவும் வெட்டுப்படாமல் இருவரும் தலா 75 நகர்த்தல் ஆடினால். அந்தக் கடைசி நகர்த்தலே மேட் (ராஜா தப்ப வழியில்லாமல் மாட்டுவது) என்றால் மேட்தான் செல்லும்.