விவசாயத்தில் கட்டுப்படியாகாத குடும்பங்கள் நிலத்தை விற்காமல் எப்படிச் சமாளிக்கின்றன?

பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் பலரும் ஊரில் நிலத்தை விடாமல் வைத்திருக்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே வாங்கும் கூலிதான் அந்த நிலத்தைத் தாங்குகிறது. நாடு முழுக்கவே இதே கதைதான். 2018-19 தேசிய மாதிரி ஆய்வில் விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063. பயிரில் கிடைத்தது 3,798 தான்.

ஊரிலும் எல்லாம் மாறிவிடுகிறது. ஆள் அதிகம் கேட்கும் நெல்லை விட்டுவிட்டு மாமரமோ தென்னையோ வைக்கிறார்கள். பால் பணம் தவறாமல் வரும் என்று கறவை மாடு வாங்குகிறார்கள். அவசரம் என்றால் நகை அடகுக்குப் போகும். ஆண்கள் இங்கே வந்துவிட்டதால் மாடு, களை, கூட்டுறவு சங்கத்துக்கு அலைவது எல்லாம் பெண்கள் தலையில். ஆனால் பட்டா பெரும்பாலும் அவர்கள் பேரில் இருப்பதில்லை. எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான். பட்டா இல்லாமல் பயிர்க்கடன் வாங்குவதும் கஷ்டம், மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகை, வருடம் 6,000 ரூபாயும் அவர்கள் கைக்கு வராது.

அப்புறம், கந்துவட்டிக்குப் போகுமுன் வங்கியில் விவசாயிகளுக்குத் தரும் கிசான் கடன் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி; தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான்.