மகளுக்கு நான்கு ஆண்டுத் தடை வரும் என்கிறார்கள், வழக்குப் போடலாமா?

கேள்வி (நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கம்): என் மகளுக்கு 22 வயது. 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடுகிறாள். மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் எடுத்த சிறுநீர் மாதிரியில் ஸ்டானோசோலோல் என்ற ஊக்கமருந்து இருந்ததாக 'நாடா'விடமிருந்து (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) கடிதம் வந்து, ஓடக்கூடாது என்று நிறுத்திவைத்துவிட்டார்கள். குற்றச்சாட்டுக் கடிதமும் வந்து ஒன்பது நாளாகிறது. கோச் 'வைட்டமின்' என்று சொல்லி ஆறு மாதமாகக் கொடுத்த மாத்திரையைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். ஹாஸ்டலில் ஊசி போடாத பிள்ளையே இல்லை, மாட்டியது என் பிள்ளை மட்டும். அவளோடு போட்டியிடும் பெண் தண்ணீர் பாட்டிலில் எதையோ கலந்திருக்கலாம் என்றும் சந்தேகம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், பழைய தேதி போட்டு சப்ளிமென்ட் பில் தருகிறேன் என்கிறார். ரயில்வே வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அழைப்பு வந்திருக்கிற நேரம் இது. எல்லாரும்தான் சாப்பிடுகிறார்கள் என்றால் ஊக்கமருந்தைப் பேசாமல் அனுமதித்துவிட்டால் என்ன? உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, மான நஷ்ட வழக்கும் போட விரும்புகிறேன்.

பதில்:

ஐயா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டிய வரி ஒன்றே ஒன்றுதான்: குற்றச்சாட்டுக் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. இருபதாவது நாள் முடிவதற்குள் உங்கள் மகள் தவறை ஒப்புக்கொண்டு, அவர்கள் சொல்லும் தண்டனையையும் ஏற்றால் நான்கு ஆண்டுத் தடை மூன்றாகும். இருபத்தோராம் நாள் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு யார் வாதாடினாலும் திறக்காது. உங்களுக்கு மீதி இருப்பது பதினொரு நாள். எந்தத் தேதியில் மின்னஞ்சல் வந்தது என்பதை இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பதிலை உங்கள் மகளும் படிக்க வேண்டும். கையெழுத்துப் போடப்போவது அவர். நான்கு பக்கக் கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

ஹாஸ்டலில் மற்றவர்கள் ஊசி போடுவது, அவர்கள் மாட்டாதது, மாதிரி எடுத்த அதிகாரி மரியாதை இல்லாமல் பேசியது, தடகளச் சங்கச் செயலாளரின் பாரபட்சம், இவை எதையும் நாடாவின் விசாரணைக் குழு கேட்காது. மாதிரிகளைச் சோதிக்கும் டெல்லி ஆய்வகத்தின் அங்கீகாரத்தை 2019-ல் 'வாடா' (உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) நிறுத்திவைத்ததை எழுதியிருக்கிறீர்கள். 2021 டிசம்பரில் அது திரும்பக் கிடைத்துவிட்டது, அந்த வாதத்தில் இப்போது உயிர் இல்லை. உலகத்திலேயே அதிகம் பேர் மாட்டும் நாடுகளில் நம்முடையது ஒன்று என்பது உண்மைதான். 2023-ல் இங்கே சோதித்த ஐயாயிரத்துச் சொச்சம் மாதிரிகளில் 3.8 சதவீதத்தில் தடைசெய்த மருந்து இருந்தது. அந்தப் புள்ளிவிவரம் உங்கள் மகளைக் காப்பாற்றாது. குழு இன்னும் கடுமையாகத்தான் பார்க்கும்.

'அனுமதித்துவிட்டால் என்ன' என்பதற்கும் ஒரு வார்த்தை. லாஸ் வேகஸில் ஊக்கமருந்தை வெளிப்படையாக அனுமதிக்கும் 'என்ஹான்ஸ்டு கேம்ஸ்' என்றே ஒரு போட்டியை அறிவித்தார்கள், அதைப் பற்றிய விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. நடக்கட்டும். விசாரணைக் குழுவுக்கு விதியை மாற்றும் அதிகாரம் இல்லை. சங்கத்தில் பதிவு செய்த அன்றே உங்கள் மகள் இந்த விதிகளுக்குக் கட்டுப்படுவதாக ஏற்றுவிட்டார். ஆனால் ஒரு தகப்பனார் இந்தக் கேள்வியைக் கேட்பதுதான் என்னை வருத்துகிறது. அனுமதித்தால் அளவை யார் முடிவு செய்வார்? உங்கள் மகளா? கிழக்கு ஜெர்மனியில் பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளுக்கு வைட்டமின் என்று சொல்லித்தான் ஓரல் டூரினபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். 1986-ல் ஐரோப்பிய குண்டு எறிதல் சாம்பியனான ஹைடி கிரிகர் அந்த மாத்திரையில் வளர்ந்தவர்தான். உங்கள் ஊர் கோச்சும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஸ்டானோசோலோல் பெண் உடம்பில் குரலை மாற்றும், மாதவிடாயைக் குலைக்கும், ஈரலைக் கெடுக்கும். வழக்கு எப்படிப் போனாலும் இந்த வாரமே ஒரு மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி வழக்கு. தடைசெய்த பொருள் உடம்பில் இருந்தாலே மீறல்தான். வேண்டுமென்றே சாப்பிட்டாரா என்பது தண்டனை அளவுக்கு மட்டும்தான் தேவை. ஸ்டானோசோலோல் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டு என்றால் நான்கு ஆண்டு என்பதுதான் ஆரம்பமே. அதை இரண்டாகக் குறைக்க வேண்டுமானால் 'வேண்டுமென்றே செய்யவில்லை' என்று வீராங்கனைதான் நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் அதற்கு அந்த மருந்து எந்த வழியில் உடம்புக்குள் வந்தது என்று காட்டியாக வேண்டும். 'நான் சாப்பிடவில்லை' என்ற சத்தியம் எடுபடாது.

உங்களிடம் இருக்கும் சான்று என்ன? கோச் கொடுத்த மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. டப்பா இல்லை, பில் இல்லை, வாட்ஸப் செய்தி இல்லை. மாதிரி கொடுக்கும்போது நிரப்பும் படிவத்தில் முந்தைய ஏழு நாளில் சாப்பிட்ட மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் எழுதச் சொல்வார்கள். கோச் பேச்சைக் கேட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதியிருக்கிறார் உங்கள் மகள். அந்த ஒரு வார்த்தை போதும், பிறகு சொல்லும் எந்தச் சப்ளிமென்ட் கதையையும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு நிமிடத்தில் உடைத்துவிடுவார்.

கோச் கொடுத்தார் என்பது தற்காப்பு ஆகுமா? 2010 டெல்லி காமன்வெல்த்தில் 4×400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அஸ்வினி, சினி ஜோஸ், மன்தீப் கவுர் உட்பட ஆறு பெண்கள் 2011-ல் மாட்டினார்கள். உக்ரைன் நாட்டு கோச் கொடுத்த ஜின்செங் என்ற மூலிகைச் சப்ளிமென்ட்டில்தான் கலந்திருந்தது என்றார்கள். கோச்சை வேலையை விட்டே நீக்கினார்கள். இங்கே இருந்த குழு இரக்கப்பட்டு ஓராண்டுத் தடை போட்டது. அப்பீலில் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் அதை இரண்டாண்டாக்கியது. கோச் கொடுத்தாலும் வாயில் போட்டவர் நீங்கள்தான், விசாரிக்காமல் ஏன் போட்டீர்கள் என்பதுதான் அங்கே கேள்வி. அந்தப் பெண்களிடம் காட்டுவதற்கு ஒரு பொருளாவது இருந்தது. உங்களிடம் அதுவும் இல்லை.

போட்டிப் பெண் பாட்டிலில் கலந்தார் என்ற கதையை தயவுசெய்து இதோடு விட்டுவிடுங்கள். மல்யுத்த வீரர் நர்சிங் யாதவ் 2016-ல் இதையே சொன்னார். சோனிபட் முகாமில் இன்னொருவர் கலந்துவிட்டார் என்று போலீஸ் புகார் வரை போனது, நாடா குழு நம்பி விடுவித்தது, ரியோவுக்கும் போய்ச் சேர்ந்தார். அங்கே நடுவர் மன்றத்தில், தண்ணீரில் பொடியாகக் கலந்தால் இந்த அளவு வராது, மாத்திரையாக விழுங்கினால்தான் வரும் என்று நிபுணர் சொன்னார். நான்கு ஆண்டுத் தடை. கீழே ஜெயித்ததால் வீட்டில் விளக்கேற்றியவர்கள் மேலே தோற்றார்கள். உங்கள் மகள் எதிர்கொள்ளப்போவது இங்கே இருக்கும் குழுவை மட்டுமல்ல. குழு இரக்கப்பட்டாலும் 'வாடா' அப்பீல் போகலாம்.

மருந்துக்கடைக்காரர் தருவதாகச் சொன்ன பில்லைப் படித்ததும் பயந்துவிட்டேன். இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழுந்த பெரிய குழி இதுதான். தேதி மாற்றிய பில், பின்னால் எழுதிய மருத்துவச் சீட்டு, கடையில் புதிதாக வாங்கிய டப்பாவில் மருந்தைக் கலந்து 'இதுதான் நான் சாப்பிட்டது' என்று அனுப்புவது. பில் எண், ஜிஎஸ்டி பதிவு, தயாரிப்புத் தொகுதி எண் என்று அவர்கள் ஒவ்வொன்றாகத் தோண்டுவார்கள். பொய் என்று தெரிந்தால் அது தனி மீறல். விசாரணையைக் குலைத்ததற்குத் தனியாக நான்கு ஆண்டு வரை விழும், முதல் தடை முடிந்த பிறகு அது தொடங்கும். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 22 வயதுப் பெண்ணுக்கு முப்பது வயது வரை தடகளம் கிடையாது. பில் கொடுத்த நண்பருக்கும் உங்களுக்கும் ஆவண மோசடி என்று கிரிமினல் வழக்கு வேறு வரலாம். ஊக்கமருந்து சாப்பிட்டதற்காக இந்த நாட்டுச் சட்டத்தில் உங்கள் மகளுக்குச் சிறை இல்லை. அதை மறைக்கப் போய்ச் சிறை வாசலை நீங்களே தேடிப் போகாதீர்கள். அந்த நண்பரிடம் போனில்கூட இதைப் பற்றி இனிப் பேச வேண்டாம்.

அடுத்த குழி சும்மா இருக்க முடியாமல் ஓடுவது. இடைக்காலத் தடையில் மாவட்டப் போட்டி, பல்கலைக்கழகப் போட்டி, சங்கம் நடத்தும் எந்தப் போட்டியிலும் ஓடக்கூடாது. வேறு பெயரில் ஓடலாம் என்று யோசனை சொல்லவும் ஆள் வருவார்கள். இடைக்காலத் தடையை மீறினால் இதுவரை கழித்த மாதங்கள் கணக்கில் சேராமல் போகும். இறுதித் தடை வந்த பிறகு மீறினால் அதே அளவு தடை புதிதாக ஏறும். அரசு உதவியில் நடக்கும் ஹாஸ்டலிலும் அணியோடும் பயிற்சி கூடாது. தடை முடிய இரண்டு மாதம் இருக்கும்போதுதான் அணியோடு பயிற்சிக்குத் திரும்பலாம். அதுவரை வீட்டருகே காலையில் ஓடலாம், அதை யாரும் தடுக்கவில்லை.

ரயில்வே வேலையை நினைத்துத்தான் நீங்கள் அதிகம் கலங்குகிறீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள். பொதுவாக மாதிரி எடுத்த நாளிலிருந்து கிடைத்த பதக்கங்கள்தான் பறிபோகும். நம் திருச்சிப் பக்கத்து கோமதி மாரிமுத்து 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் மாதிரி கொடுத்தார். ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் அவர் வென்ற தங்கம் அதனால்தான் போனது. நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. உங்கள் மகளுக்கு ஒதுக்கீடு கிடைத்தது அதற்கு முந்தைய பதக்கத்துக்கு என்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் 'ஆறு மாதமாக' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள். எழுத்து வாக்குமூலத்தில் அப்படிச் சொன்னால் பயன்படுத்திய காலம் ஆறு மாதம் பின்னால் போகும், இடையில் வென்ற பதக்கமும் அதோடு போகலாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. எந்த மாதத்தில் என்ன மாத்திரை என்று மகளுக்கே நிச்சயமாகத் தெரியுமா, அல்லது ஆத்திரத்தில் நீங்கள் போட்ட கணக்கா என்பதை வழக்கறிஞர் முன்னால் அமர்ந்து சரிபார்த்த பிறகே ஒரு வரி எழுத வேண்டும். அதுவரை நாடாவுக்கும் சங்கத்துக்கும் வாட்ஸப்பில்கூட விளக்கம் அனுப்பாதீர்கள். ரயில்வேயிடம் இதை மறைத்து வேலையில் சேர்வதும் வேண்டாம். சேர்ந்த பிறகு தெரிந்தால் வேலையோடு மரியாதையும் போகும்.

கோச்சைத் தண்டிக்க வேண்டும் என்ற உங்கள் ஆவேசம் நியாயம்தான். மருந்து கொடுத்த கோச்சுக்கு நான்கு ஆண்டு முதல் ஆயுள் தடை வரை உண்டு. 'என் பெயரைச் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவர் உங்கள் மகளிடம் சொல்லியிருப்பது எதனால் என்று இப்போது புரிகிறதா? அவர் பார்க்கப்போவது அவரை. விதிகளில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. வேறொருவர் செய்த மீறலைக் கண்டுபிடிக்க உண்மையிலேயே உதவும் விவரம் தந்தால் தடையில் முக்கால் பங்கு வரை நிறுத்திவைக்கலாம். ஆனால் விவரத்தை முதலில் கொட்டிவிட்டுப் பிறகு சலுகை கேட்கக்கூடாது. இந்தப் பேச்சில் சொல்வது எங்களுக்கு எதிராகப் பயன்படாது என்று எழுத்தில் உடன்பாடு வாங்கிய பிறகே பேச வேண்டும். மூன்றாண்டை ஏற்றுவிட்டால் வேறு பிரிவின் கீழ் இன்னொரு குறைப்பு கேட்க முடியாது என்பதால், இதையும் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். அவரோடு பயிற்சியை இன்றே நிறுத்துங்கள்.

ரிட் மனு வேண்டாம். மேல்முறையீட்டுக் குழு இருக்கிறதே, அங்கே போங்கள் என்றுதான் உயர் நீதிமன்றம் பெரும்பாலும் சொல்லும், அதற்குள் இருபது நாள் ஓடிவிடும். மனு எண் வாங்கி வைத்துக்கொண்டு ஓராண்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மான நஷ்டம் என்ற பேச்சே வேண்டாம்.

அதே சிறுநீரில் பிரித்து வைத்த இரண்டாவது பாட்டிலை, அதாவது பி மாதிரியைச் சோதிக்கச் சொல்ல உரிமை உண்டு, செலவு உங்களுடையது. மகள் மாத்திரை சாப்பிட்டதாக நீங்களே எழுதியிருக்கும்போது அந்தப் பணத்தை வீணாக்காதீர்கள்.

என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: மூன்றாண்டை ஏற்றுக்கொள்ளுங்கள். இடைக்காலத் தடையில் கழிந்த காலமும் அதில் சேரும், 25 வயதில் திரும்பலாம். 400 மீட்டர் தடை ஓட்டத்துக்கு அது வயது இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோச்சோடு நடந்த பேச்சின் போன் பதிவோ, பணம் அனுப்பிய வங்கிச் சீட்டோ, அதே மாத்திரை வாங்கிய இன்னொரு பெண்ணின் சாட்சியமோ கையில் கிடைத்தால் மட்டும் என் முடிவை மாற்றிக்கொள்வேன். மகளின் பழைய போனை இன்றிரவே தேடிப் பாருங்கள், எதையும் அழிக்காதீர்கள். பதினைந்தாம் நாளுக்குள் குற்றச்சாட்டுக் கடிதம், மாதிரிப் படிவத்தின் நகல், ரயில்வே அழைப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டு விளையாட்டு வழக்குகள் நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். மகளையும் கூட்டிப் போங்கள். அவர் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள்.